வீட்டுக்குள் வளர்ந்த நாற்று மாடிக்குப் போனதும் வாடுதா? அந்த ஒரு வாரம்தான் முக்கியம்!

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. லீவு நாள்தானேன்னு மதியம் 12 மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறினேன். கையில் ஒரு குழித்தட்டு. அதில் 20 கத்தரி நாற்றுகள். ஒரு மாசமா கிச்சன் ஜன்னலோரத்தில் வைத்து, தினமும் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் தெளித்து வளர்த்தவை. எல்லாவற்றையும் க்ரோ பேக்கில் நட்டு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாச்சு.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. மறுநாள் இலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நாலாவது நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதில் எனக்கு வலித்த விஷயம் வேறு. அது கடையில் வாங்கிய விதை இல்லை. திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் ஆச்சி, பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்த வெள்ளைக் கத்தரி விதை. முழங்கால் வலியால் ஆச்சி தோட்டம் போடுவதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டில் வேறு விதையும் இல்லை. பொட்டலத்தில் பாதியை மிச்சம் வைத்திருந்ததுதான் ஒரே ஆறுதல்.

போன் பண்ணிச் சொன்னதும் ஆச்சி கேட்டது ஒரே கேள்வி. "எத்தன மணிக்குட்டி நட்ட?"

"மதியம் ஆச்சி."

"நிழல்லயே கெடந்தத ஒரேடியா உச்சி வெயில்ல கொண்டு வச்சிருக்க. பெறகு அது என்ன செய்யும்?"

விதை முளைப்பது பெரிய விஷயம் இல்லை. அந்த நாற்றை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோகும் ஒரு வாரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். அதை எப்படிச் சரியாகச் செய்வது?

நாற்று ஏன் வாடுது?

ஜன்னலோர வெளிச்சம் நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் அங்கே கிடைப்பது அதிகபட்சம் சில ஆயிரம் லக்ஸ்தான். உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வீட்டுக்குள் வளர்ந்த இலையின் மேலே இருக்கும் மெழுகுப் பூச்சு மெல்லியதாக இருக்கும். காற்று படாததால் தண்டும் மென்மையாக இருக்கும். திடீரென வெயிலும் காற்றும் அடித்தால், இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாது. செடி துவண்டுவிடும். வெள்ளைத் திட்டு என்பது நோய் இல்லை, வெயில் சுட்ட காயம்.

நடும்போது மெல்லிய வேர்கள் கொஞ்சம் அறுபடும். ஒரே நாளில் வெயில், காற்று, வேர்க்காயம் மூன்றையும் கொடுத்தால் எந்த நாற்றும் தாங்காது.

எல்லாக் காய்க்கும் நாற்று தேவையில்லை

கத்தரி, தக்காளி, மிளகாய், முட்டைகோஸ், காலிஃப்ளவர்... இவை நாற்று விட்டு நட வேண்டியவை. வெண்டை, கொத்தவரை, அவரை போன்றவற்றை நேரடியாக மண்ணில் விதைப்பதே நல்லது. முள்ளங்கி, கேரட் பக்கம் நாற்று என்ற பேச்சே வேண்டாம். இடம் மாற்றினால் கிழங்கு கோணிக்கொள்ளும், இல்லையென்றால் கிளை விட்டுவிடும்.

எப்போது நடலாம்?

தக்காளி நாற்றை 25 நாளில் எடுக்கலாம். கத்தரிக்கு 30 முதல் 35 நாள். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். நாளை மட்டும் எண்ணாமல் செடியையும் பாருங்கள். முதலில் வரும் இரண்டு விதை இலைகளைக் கணக்கில் சேர்க்காமல், நாலைந்து உண்மையான இலைகள் இருக்க வேண்டும். தண்டு பென்சில் உயரத்துக்குப் பக்கத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும்.

வெளிச்சம் போதாத நாற்று, நூல் மாதிரி மெலிந்து ஜன்னல் பக்கமாகச் சாயும். அப்படி இருந்தால் தட்டைத் தினமும் திருப்பி வையுங்கள். நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் தினம் சில முறை மெதுவாகத் தடவிக் கொடுத்தாலும், ஃபேன் காற்று லேசாகப் படும்படி வைத்தாலும் தண்டு குட்டையாக, உறுதியாக வளரும். காற்று அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு செடி தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும்!

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். ஆடியில் நாற்று விட்டால் ஆவணியில் நடவுக்குத் தயாராகிவிடும். தைப்பட்டத்தில் விதைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். பிஞ்சு நாற்றைச் சித்திரைக் கத்திரி வெயிலில் கொண்டுபோய் நிறுத்துகிற நிலைமை வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் குளிர்கால உறைபனி முடிந்த பிறகே நாற்றை வெளியே எடுங்கள்.

வெயிலுக்குப் பழக்கும் ஒரு வாரம்

நர்சரிக்காரர்கள் இதை 'கடினப்படுத்துதல்' என்பார்கள். ஆச்சி பாஷையில் 'வெயிலுக்குப் பழக்குறது'. தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வந்தால் போதும்.

* நாள் 1, 2: நேரடி வெயில் வேண்டாம். வெளிச்சமான நிழலில், பால்கனியிலோ மாடிப்படி ஓரத்திலோ இரண்டு மணி நேரம்.
* நாள் 3, 4: காலை 7 மணியிலிருந்து 8 மணி வரை இளவெயில். பிறகு நிழலில் மூன்று மணி நேரம்.
* நாள் 5, 6: காலை 10 மணி வரை வெயில். பகல் முழுக்க வெளியே நிழலில். இரவு வீட்டுக்குள்.
* நாள் 7: காலை 11 மணி வரை வெயில். பிறகு பச்சை நிழல்வலைக்குக் கீழே. மழை இல்லையென்றால் இரவும் வெளியிலேயே இருக்கட்டும்.

இது கல்லில் எழுதிய சட்டம் இல்லை. இலை வாடினால் ஒரு நாள் பின்னால் போங்கள். வெயில் கடுமையாக இருந்தால் பத்து நாளாக இழுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் தட்டு முழுக்கக் காயக் கூடாது. தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு வெளியே சீக்கிரம் காயும். அதனால் காலையும் மாலையும் விரலால் தொட்டுப் பாருங்கள். உரம் எதுவும் வேண்டாம்.

நடவு நாள்: சாயங்காலம் 4 மணிக்கு மேல்

மண் கலவையை ஒரு வாரத்துக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றும் சம அளவு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கத்தரி, தக்காளிக்கு 12 அங்குல க்ரோ பேக்கில் ஒரு செடி போதும். பையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டுக்குத் தண்ணீர் விடுங்கள். அப்போதுதான் வேர் மண்ணோடு கட்டியாக வரும். குழியின் அடியை விரலால் அழுத்தி நாற்றை வெளியே தள்ளுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிடிக்க வேண்டும் என்றால் இலையைப் பிடியுங்கள். ஒரு இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது.

தக்காளி நாற்றைக் கொஞ்சம் ஆழமாக, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுப் புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். கத்தரி, மிளகாயைத் தட்டில் இருந்த அதே ஆழத்தில்தான் நட வேண்டும். சுற்றிலும் மண்ணை லேசாக அழுத்தி, பூவாளியால் நிதானமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சாயங்காலம் நட்டால் ஒரு ராத்திரி முழுக்க ஓய்வு கிடைக்கும்.

நட்ட பிறகு முதல் பத்து நாள்

முதல் மூன்று, நான்கு நாளுக்குப் பகல் 11 மணி முதல் 4 மணி வரை நிழல் கொடுங்கள். நிழல்வலை இல்லையா? பழைய வெள்ளை வேட்டி, தென்னை ஓலை, கவிழ்த்து வைத்த கூடை எதுவும் சரிதான். அணில், புறாத் தொல்லைக்கும் கூடை நல்ல தீர்வு. காற்று அதிகம் அடிக்கும் மாடி என்றால், ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மதியம் வாடி, சாயங்காலம் செடி நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம், பழகிக்கொண்டிருக்கிறது. காலையிலேயே வாடிக் கிடந்தால்தான் பிரச்னை. உடனே சொம்பைத் தூக்காமல், இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். சொதசொதவென்று இருந்தால் நிறுத்துங்கள். வேர் மூச்சுத் திணறினாலும் இலை வாடத்தான் செய்யும்.

கீழே இருக்கும் ஒன்றிரண்டு இலைகள் மஞ்சளாகி உதிர்வது சகஜம். ஏழு முதல் பத்து நாளில் குருத்தில் புது இலை எட்டிப்பார்த்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். உரம் அதற்குப் பிறகுதான். 15 நாள் கழித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம்.

மிச்சம் இருந்த பாதிப் பொட்டலம்

இந்தத் தடவை ஆடியில் விதைத்தேன். 12 நாற்று தேறியது. ஒரு வாரம் தினமும் காலையில் தட்டோடு மாடி ஏறி இறங்கினேன். பக்கத்து ஃப்ளாட் அக்கா, "என்னம்மா, செடியை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?" என்று சிரித்தார். நட்டதில் பத்து பிழைத்தன.

முதல் செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டிருந்தேன். அவை முற்றி மஞ்சளாகிப் பழுத்த பிறகு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, பேப்பரில் இரண்டு பொட்டலமாகக் கட்டினேன். ஒன்று என் அலமாரியில். இன்னொன்று பஸ்ஸில் ஊருக்குப் போனது. "எனக்கு எதுக்குட்டி இது, நான் எங்க நட?" என்றாள் ஆச்சி.

ஆனாலும் அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்தாள்.