சபைக்கு முந்திய சங்கம்

1

கோயில் வரலாறு எழுதுவதற்கென்று ஒரு பழகிய தடம் இருக்கிறது. முதலில் ஒரு வெள்ளைக்கார மிஷனரி கப்பலிலிருந்து இறங்குவார். அப்புறம் அஸ்திபாரக் கல், பிரதிஷ்டை, கோபுரம், சீமையிலிருந்து வந்த மணி, குருவானவர்களின் பெயர்ப் பட்டியல். சபை மக்கள் என்கிறவர்கள் 'திரளாய்க் கலந்துகொண்டு சிறப்பித்தார்கள்' என்று கடைசி வரியில் வந்து நிற்பார்கள். நம்ம ஊர் நூற்றாண்டு விழா மலர்களில் எதை எடுத்துப் புரட்டினாலும் பெரும்பாலும் இதுதான் கதை.

இந்தத் தடத்தில் அடங்காத ஒரு கோயிலைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில் இருக்கும் புனித தோமா ஆப்பிரிக்க எப்பிஸ்கோப்பல் கோயில். 1794இல் திறக்கப்பட்டது. எப்பிஸ்கோப்பல் சபை என்பது வேறொன்றுமில்லை. அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு அங்கிருந்த ஆங்கிலிக்கன் திருச்சபை இங்கிலாந்து ராஜாவின் தலைமையை உதறிவிட்டுச் சூட்டிக்கொண்ட பெயர். பேராயர், குரு, உதவிகுரு என்ற அதே அடுக்கு. அதே ஜெபப் புத்தக மரபு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முன் நம் ஊரில் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்று அறியப்பட்ட சபைகளுக்கு ஒருவகையில் பங்காளி உறவு. அந்த எப்பிஸ்கோப்பல் சபைக்குள் கறுப்பு மக்கள் தமக்கென்று அமைத்துக்கொண்ட முதல் கோயில் இது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கோயில் ஒரு சமூகத்தை உண்டாக்கவில்லை. ஏற்கனவே உண்டாகியிருந்த ஒரு சங்கம் தனக்குக் கோயிலைக் கட்டிக்கொண்டது. இந்த முன்பின்னை மாற்றிப் போட்டால் மொத்த அர்த்தமும் மாறிப்போகும். 'வெள்ளையர்கள் விரட்டினார்கள், பாவம், தனியாகக் கட்டிக்கொண்டார்கள்' என்கிற பரிதாபக் கதைதான் மிஞ்சும்.

2

அப்சலம் ஜோன்ஸ் 1746இல் டெலவேரில் அடிமையாகப் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயதானபோது முதலாளி அவருடைய தாயையும் உடன்பிறந்தவர்களையும் விற்றுவிட்டு, அவரை மட்டும் பிலடெல்பியாவுக்குக் கூட்டிவந்து தன் கடையில் வேலைக்கு வைத்தார். பகலில் கடை, இரவில் பள்ளி. 1770இல் மேரி என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். கடன் வாங்கியும் கூடுதல் வேலை செய்தும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் தன் விடுதலையை அவர் வாங்கவில்லை, மனைவியின் விடுதலையை வாங்கினார். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒரு சட்டக் கணக்கும் இருக்கிறது. அடிமைச் சட்டப்படி பிள்ளைக்குத் தாயின் நிலைதான். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் சுதந்திர மனிதனாக இருந்தும் பிரயோஜனமில்லை. அவருக்குச் சொந்த விடுதலை கிடைத்தது 1784இல்தான்.

1787 ஏப்ரலில் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் சிலரோடு சேர்ந்து 'சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்' ஒன்றை ஆரம்பித்தார்கள். அதன் விதிகளைப் படித்தால் வேதாந்தம் எதுவும் இல்லை. ஆளுக்கு மாதம் ஒரு ஷில்லிங் வெள்ளிக் காசு. ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டியவருக்குப் பிறகு கஷ்டம் வந்தால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்னி. ஆனால் அந்தக் கஷ்டம் அவருடைய சொந்த ஊதாரித்தனத்தால் வந்ததாக இருக்கக்கூடாது. உறுப்பினர் செத்துப்போனால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் உதவி. நம்ம பக்கத்துச் சாவுச் சங்கம், பண்டு, மகமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடிமைமுறை மனிதரை ஒற்றை உடம்பாக, விலைபோகும் சரக்காகப் பிரித்து வைத்திருந்தது. தாயை ஒருத்தனுக்கு, மகனை இன்னொருத்தனுக்கு என்று விற்ற சமூகத்தில், 'உனக்கு ஒண்ணுன்னா நாங்க இருக்கோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதைவிடப் பெரிய அரசியல் என்ன இருந்துவிட முடியும்? உறவு அறுக்கப்பட்டவர்கள் மாதச் சந்தாவால் உறவு சமைத்துக்கொண்டார்கள்.

3

புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் கோயில் சம்பவத்தைப் பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். கறுப்பர் கூட்டம் பெருகியதும் வெள்ளையர்கள் அவர்களைச் சுவரோரமாக ஒதுக்கி, அப்புறம் மாடத்துக்கு ஏற்றினார்கள். அந்தக் கட்டட வேலைக்குக் கறுப்பர்களும் காசும் உழைப்பும் கொடுத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே முழங்காலில் நின்ற ஜோன்ஸை ஒரு தர்மகர்த்தா பிடித்துத் தூக்கினார். 'ஜெபம் முடியட்டும், நாங்களே போய்விடுகிறோம்' என்ற பொருள்படச் சொன்னார் ஜோன்ஸ். கேட்கவில்லை. ஜெபம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து வெளியே நடந்தார்கள்.

எந்த வருஷம் என்பதில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஆலனின் நினைவுக் குறிப்பை ஒட்டி 1787 என்பது வழக்கமான கணக்கு. மாடம் கட்டிய காலத்தை வைத்துப் பார்த்து 1792 என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். தேதிச் சண்டைதானே என்று தாண்டிப் போக முடியாது. 1792 என்றால், ஆப்பிரிக்கர்களுக்கென்று தனிக் கோயில் என்ற திட்டம் அதற்கு முன்பே, 1791இலேயே, எழுதப்பட்டுப் பணமும் திரட்டப்பட ஆரம்பித்தாயிற்று. அதாவது வெளியே தள்ளப்பட்டதால் வீடு தேடியவர்கள் அல்ல இவர்கள். வீட்டுக்கு வரைபடம் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். நான் இந்த வாசிப்பின் பக்கம் நிற்கிறேன். அவமானத்துக்கு எதிர்வினையாக மட்டுமே ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றை எழுதுவது, அவமானப்படுத்தியவனுக்கே மறுபடியும் கதாநாயகன் வேஷம் கொடுப்பதாகும்.

4

1793 ஆகஸ்டில் கோயிலுக்குக் கூரை ஏறியது. அன்றைக்கு ஊருக்கு வெளியே மரத்தடியில் ஒரு விருந்து. இந்தக் கோயிலுக்குப் பக்கத் துணையாக இருந்த வெள்ளை மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அதைப் பதிவு செய்திருக்கிறார். முதல் பந்தியில் வெள்ளைத் தச்சர்களும் நண்பர்களும் உட்கார, கறுப்பர்கள் பரிமாறினார்கள். இரண்டாம் பந்தியில் கறுப்பர்கள் உட்கார, வெள்ளையர்கள் பரிமாறினார்கள். திருநெல்வேலிச் சீமையில் அசன விருந்து பார்த்தவர்களுக்கு யார் உட்காருகிறார், யார் பரிமாறுகிறார் என்பது எவ்வளவு கனமான விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் கவனியுங்கள்: இலை மாறியது, பந்தி ஒன்றாகவில்லை. ஒரே பந்தியில் கலந்து உட்காரவில்லை. தாராளவாத நட்பின் எல்லை அந்த மரத்தடியிலேயே தெரிந்துவிட்டது.

அதே மாதம் மஞ்சள் காய்ச்சல் பிடித்தது. நவம்பருக்குள் சுமார் 5000 பேர் செத்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவர். வசதியுள்ளவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். கறுப்பர்களை இந்தக் காய்ச்சல் அண்டாது என்று நம்பிய ரஷ், ஜோன்ஸிடமும் ஆலனிடமும் உதவி கேட்டார். சங்கத்தார் இறங்கினார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். ரஷ்ஷின் மருத்துவ நம்பிக்கை பொய். அடுத்த வருஷம் இவர்களே வெளியிட்ட கணக்கின்படி, நகரத்தில் 1792இல் புதைக்கப்பட்ட கறுப்பர்கள் 67 பேர், 1793இல் 305 பேர்.

காய்ச்சல் அடங்கியதும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் ஒரு புத்தகம் போட்டார். கறுப்புத் தாதிகளில் பலர் கொள்ளைக் கூலி கேட்டார்கள், வீடுகளில் திருடினார்கள் என்று அதில் எழுதினார். ஜோன்ஸையும் ஆலனையும் மட்டும் பாராட்டினார். 'நீங்க ரெண்டு பேரும் நல்லவங்க, உங்க ஆளுங்கதான்...' என்கிற அந்தப் பாராட்டை நாமும் கேட்டிருக்கிறோம் இல்லையா? இருவரும் அதை ஏற்கவில்லை. 1794 ஜனவரியில் பதில் நூல் கொண்டுவந்தார்கள். அதன் பெரிய பலம் உணர்ச்சிப் பேச்சு அல்ல, வரவு செலவுக் கணக்கு. பிணங்களும் படுக்கைகளும் புதைத்ததற்கு வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்னி. செலவு: பணம் வராத சவப்பெட்டிகளுக்கு 33 பவுண்டு, ஐந்து ஆட்களுக்கு, மூன்று பேருக்கு 70 நாளும் இரண்டு பேருக்கு 63 நாளும், நாளொன்றுக்கு 22 ஷில்லிங் 6 பென்னி வீதம் கூலி 378 பவுண்டு. கைநஷ்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்னி. நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், ஒரு பென்னி இடிக்கவில்லை.

கணக்கோடு பெயர்களும் வருகின்றன. கூலி வாங்காமல் வீடு வீடாகப் போன சாம்சன் என்ற ஏழை, நோய் தொற்றிச் செத்தார். அவரிடம் உதவி பெற்றவர்கள் அவர் குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாரா பாஸ் என்ற ஏழை விதவை பல குடும்பங்களுக்கு இலவசமாக உழைத்தார். கேரியின் பிரதியில் 'கறுப்பர்கள்' என்ற முகமற்ற கும்பலாக இருந்தவர்கள், இந்தப் பிரதியில் பெயரும் நாள்கூலியும் உள்ள மனிதர்களாகிறார்கள். சந்தா வசூலித்துக் கணக்கு எழுதிப் பழகிய சங்கம் இல்லாமல் இப்படியொரு எதிர்ப்பிரதி சாத்தியமாகியிருக்குமா?

5

1794 ஜூலை 17 அன்று கோயில் திறக்கப்பட்டது. எந்தச் சபைப் பிரிவோடு சேர்வது என்பதில் பிளவு. ஆலன் மெதடிஸ்ட் வழியை விடவில்லை. எளிய சனங்களுக்கு எழுத்தில்லாத நேரடிப் பிரசங்கம்தான் சரிப்படும் என்பது அவர் கட்சி. அவர் பெத்தேல் கோயிலை அமைத்தார். பெரும்பான்மையினர் தங்களை இழிவுபடுத்திய மெதடிஸ்டுகள் வேண்டாம் என்று எப்பிஸ்கோப்பல் பக்கம் போனார்கள். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு: எங்களை அமைப்பாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும், எங்கள் உள் நிர்வாகம் எங்கள் கையில்தான், ஜோன்ஸை முதலில் வாசகராகவும், தகுதி காணும்போது குருவாகவும் ஏற்க வேண்டும். குருவானவர் தவிர மற்ற எந்தப் பொறுப்புக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் மட்டுமே வரலாம், அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று தங்கள் விதியிலும் எழுதிக்கொண்டார்கள்.

பேராயர் வில்லியம் ஒயிட் ஏற்றுக்கொண்டார். ஆனால் 1795இல் திருமண்டலப் பேரவை ஒரு பேரம் வைத்தது. குருப் பட்டத்துக்கு லத்தீனும் கிரேக்கமும் தெரிய வேண்டும் என்பது விதி. ஜோன்ஸுக்கு அதிலிருந்து விலக்கு. பதிலுக்கு, இந்தக் கோயிலின் குருவோ பிரதிநிதிகளோ பேரவையில் உட்காரக்கூடாது. ஜோன்ஸ் அந்த ஆண்டு உதவிகுருவானார். குருவாக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. பேரவைக் கதவு திறந்தது உள்நாட்டுப் போர் நடந்த 1860களில்தான்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படிக்கவிடாமல் வைத்தவர்களே படிப்பைத் தகுதியாக்குகிறார்கள். பிறகு அதில் 'சலுகை' தருகிறார்கள். பிறகு அந்தச் சலுகையையே காட்டி உரிமையை எடுத்துக்கொள்கிறார்கள். தகுதி, திறமை என்று மண்டலுக்குப் பிறகு நம் காதில் ஓதப்பட்டதற்கும் இதற்கும் இலக்கண வித்தியாசம் ஏதும் இல்லை. ஜோன்ஸின் சபை பெற்றது வீட்டுக்குள் முழு அதிகாரம், தெருவில் பேச்சில்லை. மாடத்திலிருந்து இறங்கியவர்களுக்குத் திருமண்டலமே இன்னொரு மாடமாயிற்று.

நம் பக்கத்தோடு ஒரு ஒப்பீடு. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் கலகம். கோயிலை விட்டு வெளிநடந்தவர்கள் யார்? சேர்ந்து உட்காரவும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கவும் மறுத்த உயர்சாதிக் கிறிஸ்தவர்கள். பலர் பின்னாளில் சாதியைச் சகித்துக்கொண்ட லூத்தரன் மிஷனுக்குப் போனார்கள். பிலடெல்பியாவில் கீழே தள்ளப்பட்டவர்கள் வெளியேறினார்கள், தஞ்சாவூரில் மேலே இருந்தவர்கள் வெளியேறினார்கள். இரண்டையும் 'தனிச்சபை' என்ற ஒரே சொல்லில் அடைப்பது மோசடி. பிரிந்து போவது யார், யாரிடமிருந்து, எதைக் காப்பாற்ற என்று கேட்காமல் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

6

பேரவையில் வாய் கட்டப்பட்ட சபை வேறு இடங்களில் பேசியது. ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரால் சுதந்திரக் கறுப்பர்களே கடத்தப்படுவதை எதிர்த்து, ஜோன்ஸும் எழுபதுக்கும் மேற்பட்டோரும் கையெழுத்திட்ட மனு 1800 ஜனவரியில் காங்கிரசுக்குப் போனது. 85க்கு 1 என்ற வாக்கில் தள்ளப்பட்டது. அடிமை வணிகம் சட்டப்படி நின்ற 1808 ஜனவரி 1 அன்று, அந்த நாளை ஆண்டுதோறும் நன்றித் திருநாளாக அனுசரிக்க வேண்டும் என்று ஜோன்ஸ் பிரசங்கித்தார். பெண்களின் தர்ம சங்கம், நண்பர் சங்கம் என்று கோயிலைச் சுற்றிச் சங்கங்கள் முளைத்தன. 1817இல் சுதந்திரக் கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்து சுமார் 3000 பேர் கூடினார்கள். இந்தச் சபையின் பாய்மரத் தொழிலதிபர் ஜேம்ஸ் ஃபோர்ட்டன் தலைமை. கூடிய இடம் ஆலனின் பெத்தேல். பிரிந்த இரண்டு கோயிலும் தேவைப்பட்டபோது ஒரே சங்கமாயின. 1864இல் நோயுற்ற குழந்தையோடு டிராம் வண்டியில் ஏறவிடாமல் தடுக்கப்பட்டபோது பத்திரிகையில் பகிரங்கமாக எழுதியவர் இந்தக் கோயில் குருவானவர் வில்லியம் ஆல்ஸ்டன். டிராம் தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1867இல் வந்தது.

புகழ்ந்துகொண்டே போகக்கூடாது. டு பாய்ஸ் 1899இல் வெளியிட்ட பிலடெல்பியா ஆய்வில், இது பிரபுத்தனமான சபை என்ற பெயர் வாங்கியிருப்பதையும் சாதாரண கறுப்பு மக்களிடம் செல்வாக்கில்லாததையும் பதிவு செய்கிறார்; நற்பணிகளில் முன்னணியில் நின்றதையும் சேர்த்தே சொல்கிறார். ஜெபப் புத்தகம் வாசிக்கத் தெரிந்த கைவினைஞர்களும் வணிகர்களும் ஒரு பக்கம், துறைமுகக் கூலிகள் இன்னொரு பக்கம் என்று ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே வர்க்கம் வேலை செய்தது. ஆலனின் எச்சரிக்கை வீண் அல்ல. சபை பின்னால் பலமுறை இடம் மாறி, இப்போது மேற்கு பிலடெல்பியாவின் ஓவர்புரூக் பகுதியில் இயங்குகிறது. 1818 பிப்ரவரி 13இல் இறந்த ஜோன்ஸுக்கு அந்தத் தேதியை எப்பிஸ்கோப்பல் சபை திருநாளாக்கியிருக்கிறது. பேரவையில் நாற்காலி மறுத்தவர்கள் நாட்காட்டியில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? 1834இலிருந்து இந்தக் கோயிலின் குருவாக இருந்த வில்லியம் டக்ளஸ், சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளையும் கோயில் ஆவணங்களையும் தொகுத்து 1862இல் நூலாக அச்சிட்டுவிட்டார். இல்லையென்றால் மாதம் ஒரு ஷில்லிங் என்பதுகூட மிஞ்சியிருக்காது. தென்மாவட்டச் சேகரம் ஒன்றில் பழைய மினிட்ஸ் புத்தகம் பார்க்கக் கேட்டேன். 'அது எதுக்குங்க, விழா மலர் இருக்கே, வாங்கிட்டுப் போங்க' என்றார்கள். பீரோவைத் திறக்கவில்லை. எந்தத் தெருக்காரர் காணிக்கை எவ்வளவு போட்டார், யாருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டது, எந்தக் கூட்டத்தில் யார் எழுந்து வெளியே போனார்கள் என்பதெல்லாம் அந்தப் பீரோக்களுக்குள்தான் கிடக்கிறது. நம் கோயில்களின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் விழா மலரை மூடி வைத்துவிட்டு, கரையான் முந்திக்கொள்வதற்குள் அந்தக் கணக்குப் புத்தகங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.