அந்தோணியாரிடம் வேண்டலாமா, கூடாதா? வட சென்னை வீடுகளில் இன்னும் முடியாத 500 ஆண்டு விவாதம்

செவ்வாய்க்கிழமை என்றால் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் கூட்டம் இருக்கும். அங்குள்ள புனித மரியன்னை இணைப் பேராலய வளாகத்தில் அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர், எம்.கே.பி. நகர் என வட சென்னையின் பல பகுதிகளில் இருந்து மெழுகுவர்த்தியும் பூமாலையுமாக மக்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் கிறிஸ்தவர்களிலேயே ஒரு பெரிய பகுதியினர் அந்தப் பக்கம் வருவதில்லை. வரக் கூடாது என்பதே அவர்கள் நம்பிக்கை.

மகாகவி பாரதி நகர் என்கிற எம்.கே.பி. நகர் போன்ற பகுதிகளில் இந்தக் கோடு சில நேரம் ஒரே வீட்டுக்குள் ஓடும். அம்மா ஆர்.சி., மருமகள் சி.எஸ்.ஐ., மகன் நாலு வருஷமாக பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் அம்மா பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கு நேர்ந்துகொள்வார். மகன் பாஸ்டருக்கு போன் செய்வார். அங்கேதான் வாக்குவாதம் தொடங்கும்.

"இயேசுகிட்ட நேரா கேட்காம, செத்துப்போனவங்ககிட்ட எதுக்குக் கேட்கணும்?"

"நீ மட்டும் பாஸ்டர்கிட்ட எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்கிறியே, அது என்ன?"

ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பிய இறையியலாளர்கள் பெரிய பெரிய புத்தகங்களில் போட்ட சண்டையின் சாரம் ஏறக்குறைய இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் எதிர்த்தரப்பிடம் பதில் இருக்கிறது என்பதால்தான் சண்டை முடியவில்லை.

ஊர்ப் பெயரிலேயே ஒரு புனிதர்

ராயபுரம் என்ற பெயர் எப்படி வந்தது? ராயப்பரால் வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு. மெட்ராஸுக்குத் துறைமுகம் கட்டப்படும் முன்பு, நடுக்கடலில் நின்ற கப்பல்களில் இருந்து சரக்கையும் ஆட்களையும் மசூலா படகில் கரைசேர்த்தவர்களில் கத்தோலிக்கரான குருகுல வம்சத்தார் முக்கியமானவர்கள். 19-ம் நூற்றாண்டில் அவர்கள் இங்கே எழுப்பியது புனித ராயப்பர் ஆலயம். மீனவராக இருந்த பேதுருவைப் படகுக்காரர்கள் பாதுகாவலராக வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

கவனிக்க வேண்டியது பெயரை. கத்தோலிக்கர்களுக்கு ராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சூசையப்பர். அதே ஆட்கள் சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு. ஒரு பக்கம் 'அப்பர்' என்று குடும்பப் பெரியவரை அழைப்பது போன்ற உறவு. மறுபக்கம் வேதாகமத்தில் வரும் மனிதர், அவ்வளவுதான். இவர்கள் செபம் என்று எழுதுவதை அவர்கள் ஜெபம் என்று எழுதுவார்கள். இவர்கள் சுரூபம் என்பதை அவர்கள் சிலை என்பார்கள், கோபம் வந்தால் விக்கிரகம் என்பார்கள். பாதிச் சண்டை இந்தச் சொற்களிலேயே இருக்கிறது.

சண்டை உண்மையில் எதில்?

பலரும் நினைப்பது போல 'புனிதர்கள் கடவுளா' என்பது கேள்வியே இல்லை. இல்லை என்று இரு தரப்பும் சொல்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. புனிதர்களுக்கு உரியது வணக்கம், அதாவது மரியாதை. கிரேக்கத்தில் முதலாவதை 'லாட்ரியா' என்றும் இரண்டாவதை 'தூலியா' என்றும் பிரிக்கிறார்கள். கி.பி. 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் திருவுருவங்கள் தொடர்பாக இந்த வேறுபாட்டை உறுதி செய்தது.

கத்தோலிக்க மன்றாட்டு மாலையைக் கவனித்துக் கேட்டால் இந்த வேறுபாடு காதில் விழும். கடவுளை விளிக்கும் வரிகளுக்கு மக்கள் சொல்லும் பதில் இரக்கம் கேட்பதாக இருக்கும். புனிதர்களின் பெயர் வரும்போது பதில் மாறிவிடும்: எங்களுக்காகக் கடவுளிடம் வேண்டுங்கள் என்ற பொருளில் வரும். கொடுப்பவர் கடவுள், புனிதர் பரிந்துரைப்பவர். கோட்பாடு முழுவதும் அந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. 'வணங்குதல்' என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும். போனை எடுத்ததும் சொல்வதும் வணக்கம்தான், சாமிக்குச் செய்வதும் வணக்கம்தான். அதனால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு, சுரூபத்தின் முன் மண்டியிட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் மரியாதை செய்கிறாரா ஆராதிக்கிறாரா என்று தெரியாது.

உண்மையான சண்டை இரண்டு இடத்தில். இறந்தவர்களிடம் கேட்கலாமா? அப்படிக் கேட்பது, இயேசு மட்டும் போதாது என்று சொல்வதாகிவிடாதா?

வசனத்துக்கு வசனம்

புராட்டஸ்டன்ட் தரப்பு முதலில் எடுப்பது 1 தீமோத்தேயு 2:5. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இயேசு ஒருவரே மத்தியஸ்தர் என்கிறது அந்தப் பகுதி. அடுத்து உபாகமம் 18. இறந்தவர்களிடம் குறி கேட்பதை அது தடை செய்கிறது. பாஸ்டரிடம் கேட்பது பற்றி? அவர் உயிரோடு இருக்கிறார், சொன்னால் கேட்கிறது. ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்லி யாக்கோபு 5:16 இருக்கிறது. இறந்த விசுவாசியை அழைக்கச் சொல்லி ஒரு வசனமும் இல்லை என்பது அவர்கள் பதில். இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: ஒரே நேரத்தில் உலகம் முழுக்க லட்சம் பேர் கூப்பிட்டால், மனிதராக இருந்த ஒருவர் எப்படிக் கேட்பார்?

கத்தோலிக்கத் தரப்பு அதே யாக்கோபு 5:16-ஐத் தங்களுக்கும் எடுத்துக்கொள்கிறது. நீதிமானின் வேண்டுதலுக்கு வலிமை உண்டு என்று அது சொல்கிறது. கடவுளோடு இருப்பவரைவிட நீதிமான் யார்? கடவுளுக்கு எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள்தான் என்று லூக்கா 20:38 சொல்கிறதே, அப்புறம் புனிதரைச் 'செத்துப்போனவர்' என்று எப்படிச் சொல்வது? திருவெளிப்பாடு 5:8-ல் விண்ணகத்து மூப்பர்கள் கையில் இருக்கும் தூபக் கிண்ணங்களை மண்ணில் இருப்பவர்களின் வேண்டுதல் என்று இவர்கள் வாசிக்கிறார்கள். உபாகமம் தடுப்பது ஆவியிடம் ரகசியம் கேட்பதை, செபம் கேட்பதை அல்ல. லட்சம் பேர் கூப்பிடுவதைப் புனிதர் சொந்த சக்தியால் அல்ல, கடவுள் தெரியப்படுத்துவதால் அறிகிறார். இது அவர்கள் பதில்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. இறந்துபோன இறைவாக்கினர் எரேமியா மக்களுக்காக மன்றாடுவதாக ஒரு காட்சி 2 மக்கபேயர் 15-ம் அதிகாரத்தில் வருகிறது. கத்தோலிக்கருக்கு இது நேரடிச் சான்று. ஆனால் அந்த நூல் 73 புத்தகங்கள் கொண்ட கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கிறது, 66 புத்தகங்கள் கொண்ட புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லை. ஒரே வீட்டு மேசையில் இருக்கும் இரண்டு பைபிள்களும் ஒரே பைபிள் இல்லை.

'புனிதர்' என்ற சொல்லும் அப்படித்தான். பழைய கத்தோலிக்கக் கோயில் பலகைகளில் 'அர்ச்.' என்ற எழுத்துகளைப் பார்த்திருக்கலாம். 'அர்ச்சிஷ்ட' என்பதன் சுருக்கம் அது. திருச்சபை பட்டம் கொடுத்தவருக்குத்தான் அந்த அடைமொழி. புராட்டஸ்டன்ட்கள் சொல்லும் 'பரிசுத்தவான்கள்' வேறு. பவுல் தன் கடிதங்களில் உயிரோடு இருந்த சாதாரண விசுவாசிகளையே அப்படி அழைத்தார் என்பது அவர்கள் வாதம்.

இடி விழுந்த நாள்

புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே ஒரு புனிதரிடம் நேர்ந்துகொண்டு துறவியானவர். 1505 ஜூலையில் ஜெர்மனியில் புயலில் சிக்கியபோது, மரியாவின் தாயாகக் கருதப்படும் புனித அன்னாளை அழைத்து, பிழைத்தால் துறவியாவேன் என்று நேர்ந்தார். பின்னாளில் அவர் எதிர்த்தது இதையேதான். இயேசுவை அணுக முடியாத கண்டிப்பான நீதிபதி போலவும், அவரிடம் போக சிபாரிசு தேவை என்பது போலவும் மக்கள் நினைக்கிறார்களே என்பது அவர் கவலை.

1530-ல் லூத்தரன்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை புனிதர்களைத் தூக்கி எறியவில்லை. அவர்களை நினைவுகூர்ந்து விசுவாசத்தில் வளரலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்க வேதம் சொல்லவில்லை என்றது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 22-வது இன்னும் கடுமையாக மறுக்கிறது. இதற்குக் கத்தோலிக்கத் தரப்பின் பதில் 1563-ல் திரெந்து பொதுச்சங்கத்தில் வந்தது: புனிதர்களை அழைப்பது நல்லது, பயனுள்ளது. கூடவே, அதில் மூடநம்பிக்கையும் காசு பார்ப்பதும் கூடாது என்றும் அது உத்தரவிட்டது. புகாரில் கொஞ்சம் உண்மை இருந்ததை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது.

சி.எஸ்.ஐ. ஆலயங்களுக்கு ஏன் புனிதர் பெயர் இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியதே சென்னையில் புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான். ஆங்கிலிக்கன் மரபில் இருந்து வந்த வழக்கம் அது. பெயர் வைப்பார்கள், வேண்டமாட்டார்கள்.

இதே சண்டை, தமிழில், 1720-களில்

லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலியில் இருந்து வந்தார் இயேசு சபைத் துறவி பெஸ்கி, நமக்குத் தெரிந்த வீரமாமுனிவர். இரண்டு தரப்பும் தமிழிலேயே மோதிக்கொண்டன. தரங்கம்பாடிக்காரர்களிடம் அச்சுக்கூடம் இருந்தது. வீரமாமுனிவரிடம் இருந்தது அவருடைய தமிழ். 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று அடுத்தடுத்து மறுப்பு நூல்கள் எழுதினார்.

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்த 'தேம்பாவணி'யையும் இந்தப் பின்னணியில் பார்க்கலாம். 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தின் தலைவன் இயேசு இல்லை. வளன் என்று தமிழாக்கப்பட்ட சூசையப்பர். ஒரு புனிதரையே காப்பிய நாயகனாக்குவது ஒரு லூத்தரன் கவிஞர் செய்திருக்கக்கூடிய காரியம் அல்ல.

இது ஆர்.சி.க்கும் மற்றவர்களுக்கும் இடையிலான சண்டை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் சபைகளும் புனிதர்களிடம் வேண்டுகின்றன. கேரளத்தில் 1830-களில் சிரியன் சபைக்குள்ளேயே பாலக்குந்நத்து ஆபிரகாம் மல்பான் வழிபாட்டில் இருந்து புனிதர்களிடம் வேண்டும் பகுதிகளை நீக்கினார். மாரமண் ஆலயத்தில் மக்கள் 'முத்தப்பன்' என்று அழைத்து வந்த புனிதரின் மரச்சிலையை எடுத்துக் கிணற்றில் போட்டார். அந்தச் சீர்திருத்தத்தில் இருந்து வளர்ந்ததுதான் மார்த்தோமா சபை.

தேவசகாயம் ஏன் முக்கியம்?

2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த தேவசகாயம், குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தவர். 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த சாட்சி என்று அவரை மதிக்க எந்த சபைக்கும் தடை இல்லை.

இடிக்கும் இடம் வேறு. மறைசாட்சி என்பதால் 2012-ல் அருளாளர் பட்டத்துக்கு அவருக்குப் புதுமை தேவைப்படவில்லை. புனிதர் பட்டத்துக்குத் தேவைப்பட்டது. கருவில் இருந்த ஒரு குழந்தை அவரது பரிந்துரையால் பிழைத்ததாக விசாரித்து ஏற்றுக்கொண்ட பிறகே பட்டம் வந்தது. அதாவது யாரோ ஒருவர் அவரிடம் வேண்டியிருக்க வேண்டும். புனிதரிடம் வேண்டுவதே தவறு என்று நம்புகிறவருக்கு இந்த நடைமுறையின் அஸ்திவாரமே ஏற்புடையதல்ல.

கோயிலில் நடப்பதும் புத்தகத்தில் இருப்பதும்

கோட்பாடு தெளிவாக இருக்கலாம். திருத்தலத்தில் நிற்கிற எல்லோரும் 'எனக்காகக் கடவுளிடம் பேசுங்கள்' என்றா வேண்டுகிறார்கள்? "அந்தோணியாரே, வேலை வாங்கிக் குடு" என்றுதான் வாய்க்கு வரும். வேலை கிடைத்தால் நேர்த்திக்கடன். அந்தோணியார் 1231 ஜூன் 13-ல் இறந்து, ஒரு செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்யப்பட்டதால்தான் அந்தக் கிழமை என்பது வரிசையில் நிற்கிற பலருக்குத் தெரியாது. புராட்டஸ்டன்ட்கள் கை நீட்டிக் காட்டுவது இந்த இடத்தைத்தான். கத்தோலிக்க மேலிடத்துக்கும் இது தெரியும். மரியாவைப் பற்றிய மிகையான பட்டங்கள் குறித்து 2025 நவம்பர் 4-ல் வத்திக்கான் ஓர் ஆவணம் வெளியிட்டது. மரியாவை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமல்ல, அது கிறிஸ்துவின் இடத்தை மறைத்துவிடும் என்றது அது. மரியாவிடம் வேண்டுவதை அது நிறுத்தச் சொல்லவில்லை.

அதேபோல, எல்லாப் பக்தரையும் 'விக்கிரக ஆராதனைக்காரர்' என்று சொல்வதும் அநியாயம்தான். ஜெபமாலை உருட்டும் அம்மாவிடம் மாதா கடவுளா என்று கேட்டால், கடவுளோட அம்மா என்றுதான் பதில் வரும். கண்மூடித்தனம் ஒரு சபைக்கு மட்டும் சொந்தமில்லை. பாஸ்டர் கை வைத்த எண்ணெயைத் தேடி ஓடுவதைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கல்யாணம் என்று வந்தால்

வீடுகளில் இது பெரிதாக வெடிப்பது பெரும்பாலும் கல்யாணப் பேச்சின்போது. கத்தோலிக்கர் ஒருவர் சி.எஸ்.ஐ. போன்ற வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவரை மணக்க, திருச்சபைச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு உறுதி தர வேண்டும். மற்றவர் அப்படி உறுதி தரத் தேவையில்லை, இது அவருக்குத் தெரிவிக்கப்பட்டால் போதும். அவரை ஆர்.சி.க்கு மாறச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும் முறையாகக் கொடுத்த ஞானஸ்நானம் என்றால் மறுபடி கொடுப்பதும் இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் நிலை வேறு: குழந்தையில் பெற்றதை அவர்கள் ஏற்பதில்லை, வளர்ந்தபின் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும்.

அண்ணன் குழந்தைக்கு ஆர்.சி. கோயிலில் ஞானஸ்நானம் என்றால் சி.எஸ்.ஐ. அத்தை ஞானத்தாயாக நிற்க முடியுமா? முடியாது. ஆனால் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் பக்கத்தில் இருந்தால், சாட்சியாக நிற்கச் சட்டம் இடம் தருகிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.