கண்ணுக்குள் சென்ற துளையூசி

கண்ணின் உட்புறத்தில் கட்டி தோன்றினால், இன்று சில வேளைகளில் மருத்துவர் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள துளையூசியைச் செலுத்தி, சில உயிரணுக்களை மட்டும் உறிஞ்சியெடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். அவ்வூசியை நினைக்கையில் நமக்கு அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ நினைவுக்கு வருகிறார்.

இராக்கின் மோசூலைச் சேர்ந்த அவர் எகிப்தில் வாழ்ந்தார், கி.பி. 1000-ஐ ஒட்டி, ஆட்சியாளர் அல்ஹாகிமுக்காகக் கண் மருத்துவ நூலொன்றை இயற்றினார். (அல்ஹாகிமைப் பற்றி நாம் சொல்ல வேண்டியவை வேறு, இங்கு வேண்டா.) கண்புரையை ஊசியால் கீழே தள்ளிவிடுவதே அன்றைய வழக்கம். தள்ளிய புரை சில வேளை மீண்டும் மேலெழும், பார்வை மறுபடி மறையும். அம்மாரோ உலோகத் துளையூசியை வெண்விழி வழியே நுழைத்து, புரையை உறிஞ்சி வெளியேற்றும் முறையை விவரித்தார்.

இதனால் திசுச் சோதனையையே அவர் தொடங்கிவைத்தார் என்று நாம் உரிமை கொண்டாடலாகாது. அவர் நாடியது புரையை அகற்றுவதையே. உறிஞ்சியெடுத்ததை ஆராய்ந்து பார்க்க அன்று நுண்ணோக்கியும் இல்லை.