பொறியை விவரித்தல்

யாழ்ப்பாணத்து வாக்கிய பஞ்சாங்க கணிதர் சந்திரனின் நிலையை 248 வாக்கியங்களைக் கொண்டு கணிப்பர். அவ்வாக்கியங்கள் தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் பொதுவானவை. உதயகாலமும் இலக்கின அளவும் அவ்வாறல்ல. ஊரின் அட்சரேகைக்கேற்ப வேறுபடுவன. சென்னைக்குரிய அளவை யாழ்ப்பாணத்துக்கு இட்டாலும் கணக்குத் தடையின்றி நடக்கும். முகூர்த்தம் மட்டும் பிழைக்கும். பொதுவிதி வேறு, இடவிவரணம் வேறு என்னும் இந்நெறியைக் கணனித் துறையினர் இடர்ப்பட்டே கண்டனர்.

ஜோன் பக்கஸ் குழுவினர் 1957இல் வெளியிட்ட போட்றான் தொகுப்பி, மனிதர் எழுதும் சூத்திரங்களை ஐ.பி.எம். 704 பொறியின் கட்டளைகளாக மாற்றியது. அதனுள் விதியும் பொறியின் இயல்பும் ஒன்றாய்க் கலந்திருந்தன. ஒவ்வொரு கட்டளையும் பதிவகங்களில் நிகழ்த்தும் மாற்றத்தைத் தனியே எழுதிவைத்து, அதிலிருந்து கட்டளைகளைச் சீர்செய்யும் வழியை அரிசோனாப் பல்கலைக்கழகத்து டேவிட்சனும் பிரேசரும் 1980இல் விளக்கினர். றிச்சார்ட் ஸ்டோல்மன் 1987 மார்ச்சில் வெளியிட்ட ஜி.சி.சி. தொகுப்பி அக்கருத்தைத் தழுவியது. அதில் பொறிக்கென ஒரு விவரணக் கோப்பு உண்டு. அது கட்டளைப் படிவங்களால் ஆனது.

படிவம் ஒவ்வொன்றும் பெயர், நிகழும் மாற்றம், செல்லுபடியாகும் நிபந்தனை, வெளியிடவேண்டிய கட்டளை வாசகம் என்பவற்றைக் கூறும். கூட்டற் படிவமாயின், கூட்டப்படுவன பதிவகத்தில் உள்ளனவோ, நினைவகத்தில் உள்ளனவோ, மாறிலிகளோ என்பதையும் கூறல் வேண்டும். எழுதுவோர் இவ்வளவோடு நின்றுவிட விரும்புவர். இடர் அங்கேதான் உளது. பல பொறிகளில் கூட்டற் கட்டளை விடையைத் தருவதோடு, விடை பூச்சியமோ எதிரெண்ணோ எனக் காட்டும் குறிகளையும் மாற்றிவிடும். முந்திய ஒப்பீட்டின் பயன் அக்குறிகளில் இருப்பின் அது அழிந்துபோம். படிவம் இதனைக் கூறாதொழியின், தொகுப்பி அப்பயன் இன்னும் உளதென நம்பி, ஒப்பீட்டுக்கும் கிளைத்தலுக்கும் இடையே கூட்டலைப் புகுத்தவும் கூடும். எச்சரிக்கை எதுவும் எழாது. நிரல் தவறான வழியிற் செல்லும்.

தொடக்ககால ஜி.சி.சி. இவ்வழிவைப் படிவத்தில் எழுதும்படி கேட்கவில்லை. குறிகளை ஆக்கும் கட்டளையும் நுகரும் கட்டளையும் அடுத்தடுத்தே நிற்கவேண்டும் என விதித்து, எஞ்சியதை வேறோரிடத்தில் எழுதச் செய்தது. எளிய விதிதான், ஆயினும் கட்டளைகளை இடம்மாற்றிச் சீர்செய்யும் உத்திகளுக்கு அது பெருந்தடையாயிற்று. பின்னர் குறிகளும் ஒரு பதிவகமாகவே கொள்ளப்பட்டு, அவற்றை அழிக்கும் ஒவ்வொரு படிவமும் அதனை வெளிப்படக் கூறும் முறை பரவியது. பழைய முறை 2022இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலேயே முற்றாக ஒழிந்தது. முதல் வெளியீட்டில் இடம்பெற்ற வக்ஸும் 68000 இனமும் (இன்று ஆர்வலர் சிலரே இவற்றைப் பேணுகின்றனர்) இம்மாற்றத்தைப் பிந்தி ஏற்றவற்றுள் அடங்கும். 68000க்கான படிவங்கள் 2019இலும், வக்ஸுக்கானவை அதன் பின்னரும் புதுக்கி எழுதப்பட்டன.