நலிந்து மீண்ட உழவர் சங்கம்

உழவரை ஒருங்கு கூட்டுதல் எளிதன்று. வணிகர் சந்தையிற் கூடுவர்; கைவினைஞர் ஒரே தெருவில் வாழ்வர். உழவனோ தன் வயலிலே தனித்து நிற்பவன். பண்ணைக்கும் பண்ணைக்கும் இடைவெளி மிகுந்த அமெரிக்க நாட்டில் இத்தனிமை பெருந்துன்பமாயிற்று. அதனைப் போக்கத் தோன்றிய ‘கிரேஞ்சு’ என்னும் உழவர் சகோதர சங்கம் விரைந்து ஓங்கி, விரைந்து வீழ்ந்து, பின்னர் ஊர்தோறும் மெல்ல உயிர்பெற்ற வரலாறு, பொதுக்காரியங்களில் ஈடுபட்ட அன்பர்கள் அறியத்தக்கதாகும்.

அந்நாட்டின் உள்நாட்டுப் போர் 1865-இல் முடிவுற்றது. மறு ஆண்டில், வேளாண்மைத் துறையில் எழுத்தராயிருந்த ஆலிவர் ஹட்சன் கெல்லி என்பார், போரினால் நைந்த தென்மாநிலங்களின் உழவு நிலையைக் கண்டுவர அனுப்பப்பெற்றார். அரசியலார் ஆற்றமாட்டாத புண்ணை உழவர்தம் தோழமை ஆற்றும் எனக் கருதினார் அவர். அன்பர் சிலருடன் கூடி 1867 டிசம்பர் 4-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் சங்கத்தை நிறுவினார். அவர் உறவினரான கரோலின் ஹால் அம்மையார் வற்புறுத்தியதனால் பெண்டிர்க்கும் ஆடவரோடு ஒத்த உரிமை வழங்கப்பட்டது. அந்நாட்டு அரசியலமைப்பு பெண்டிர் வாக்குரிமையை ஏற்றது 1920-இலேதான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

கிரேஞ்சு என்பது களஞ்சியத்தோடு கூடிய பண்ணை மனையைக் குறிக்கும் பழஞ்சொல். சங்கக் கூடத்தின் நடுவே பீடமும், அதன்மேல் விவிலிய நூலும் இருக்கும். அலுவலருள் மூன்று பெண்டிர் சீரிஸ், பொமோனா, புளோரா என வழங்கப்பெறுவர். இவை உரோமர் வழிபட்ட தானியம், கனி, மலர் ஆகியவற்றின் தேவதைகளுடைய பெயர்கள். சமயம் வேறாயினும், விளைவைத் தெய்வத்தின் கொடையெனக் கருதும் உள்ளம் நமக்குப் புதிதன்று.

தொடக்கத்தில் கெல்லியாரின் அழைப்பைச் செவிமடுத்தவர் சிலரே. நிலைத்து நின்ற முதற் கிளை 1868 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்துப் பிரடோனியா என்னும் ஊரில் அமைந்தது. 1873-இல் நேர்ந்த பணமுடையாலும், இரயில் கம்பெனிகள் விதித்த கடுங்கட்டணத்தாலும் வருந்திய உழவர் அதன்பின் திரள் திரளாகச் சேரலாயினர். 1875-இல் உறுப்பினர் எட்டரை லட்சத்துக்கு மேல். கிளைகளோ இருபதாயிரத்துக்கு மேல்! தானியக் கிடங்குகளின் கட்டணத்தை அரசு வரையறுக்கலாம் என 1877-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு வித்திட்டது இவ்வுழவர் இயக்கமே.

எனினும் அவ்வளர்ச்சி வேரூன்றிய வளர்ச்சியன்று. மலிவாகச் சரக்கு வாங்கலாம் என வந்தவர் பலர். அந்நயம் குன்றவே விலகினர். ஐயோவா மாநிலச் சங்கம் அறுவடைப் பொறி செய்யத் துணிந்து பெருநட்டம் அடைந்தது. கடன் தம் தலைமேல் விழுமோ என அஞ்சிய கிளைகள் சில தாமே கலைந்தன. 1880-இல் எஞ்சிய உறுப்பினர் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சத்தினரே.

நிற்க. மீட்சி எங்ஙனம் நிகழ்ந்தது? பெருந்திட்டங்களால் அன்று. வடகிழக்கு மாநிலங்களில் கிளைகள் வாணிகத்தை ஓரளவில் நிறுத்திக்கொண்டு, கூட்டுறவையும் கூடியுண்ணுதலையும் முதன்மையாக்கின. ஒவ்வொரு கிளையிலும் விரிவுரையாளர் என ஓர் அலுவலர் உண்டு. கூட்டந்தோறும் பாட்டு, உரை, விவாதம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தல் அவர் கடன். என் கருத்தில், தலைவரினும் இவரே கிளையின் உயிர்நாடி. கணக்கு வாசித்துக் கலையும் கூட்டத்துக்கு எவர் பனியில் வண்டி பூட்டி வருவர்? இல்லந்தோறும் சமைத்துக் கொணர்ந்த உணவும், பிள்ளைகளின் பாட்டும் இருந்தால் குடும்பமே வரும். இதனைச் செம்மையாக நடத்தியவர் பெண்டிர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் பல லட்சம் உறுப்பினரைக் கண்ட சங்கம், பண்ணைக் குடும்பங்கள் குறையக் குறைய இரண்டாம் முறை தளர்ந்தது. கிளையை நிறுவப் பதின்மூவர் வேண்டும். தொடக்கக் காலத்தில் ஆடவர் ஒன்பதின்மர், பெண்டிர் நால்வர் என்பது கணக்கு. கிளை தன் சாசனத்தை ஒப்படைத்துவிடின், கூடம் உள்ளிட்ட சொத்து மாநிலச் சங்கத்தைச் சாரும். பாட்டனார் மரம் அறுத்து எழுப்பிய கூடம் ஊராரின் கையைவிட்டுப் போகும்! ஆதலின் முதியோர் சிலர் எஞ்சியிருக்கும்போதே ஆள் சேர்த்தாக வேண்டும். முற்றும் அணைந்தபின் முயல்வது இருமடங்கு கடினம்.

அண்மைக் காலத்தில் மெயின், ஆரிகன் முதலிய மாநிலங்களில் சிறுபண்ணை நடத்தும் இளைஞர் இத்தகைய கிளைகளில் சேர்ந்துள்ளனர். பழைய சடங்குகளை எத்துணை வைத்துக்கொள்வது, எத்துணை விடுவது என்பதில் முதியோர்க்கும் இளையோர்க்கும் கருத்து வேறுபாடு எழுதல் இயல்பே. சமையலறையைப் பற்றி மட்டும் அவ்வளவு வழக்கில்லை. விளைபொருளைப் பக்குவஞ்செய்ய இளைஞர்க்கு அது வேண்டும். விருந்து சமைக்க முதியோர்க்கும் அது வேண்டும். கூரையைச் செப்பனிடப் பணம் திரட்டுவதும் பெரும்பாலும் அவ்விருந்துகளாலேயே.