ஜிம்முக்கே போகாமல் சிக்ஸ் பேக்? ‘பீச்பாடி’ வளர்ந்ததும் சரிந்ததும் எப்படி?

ஜிம்முக்குப் போக நேரம் இல்லை. போனாலும் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். அப்போ, வீட்டு ஹாலிலேயே டிவியைப் பார்த்து உடற்பயிற்சி செய்தால் என்ன? இந்த ஒரு கேள்வியை நம்பி வளர்ந்த அமெரிக்க நிறுவனம்தான் பீச்பாடி. 2021-ல் அதன் மதிப்பு சுமார் 290 கோடி டாலர். மூன்றே ஆண்டுகளில், தன்னை வளர்த்துவிட்ட விற்பனை முறையையே அது கைவிட வேண்டியதாயிற்று. அப்படி என்னதான் நடந்தது?

தொடங்கியது யார்?

கார்ல் டைக்லர், ஜான் காங்டன் ஆகிய இருவரும் 1998-ல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் தொடங்கிய நிறுவனம் இது. நம்மூர் டிவியில் இரவு நேரத்தில் டெலிஷாப்பிங் ஓடுமே, அதே போன்ற அரை மணி நேர விளம்பர நிகழ்ச்சிகள்தான் இவர்களின் முதல் ஆயுதம். ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு போட்டோக்களைக் காட்டி, உடற்பயிற்சி டிவிடிகளை விற்றார்கள்.

பி90எக்ஸ்-ல் என்ன ஸ்பெஷல்?

நிறுவனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது 2000-களின் நடுவில் வந்த ‘பி90எக்ஸ்’. பயிற்சியாளர் டோனி ஹார்ட்டன். மொத்தம் 12 டிவிடிகள், 90 நாட்கள். வாரத்தில் ஆறு நாள், தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயிற்சி. தேவையான கருவிகள் டம்பெல்லும் புல்-அப் கம்பியும்தான். விலை சுமார் 120 டாலர், அதையும் மூன்று தவணையில் கட்டலாம்.

2009-ல் ஷான் டி நடத்திய ‘இன்சானிட்டி’ வந்தது. இதற்குக் கருவியே வேண்டாம், 60 நாள் போதும். வழக்கமான இடைவெளிப் பயிற்சியில் கொஞ்ச நேரம் வேகமாகச் செய்துவிட்டு, அதிக நேரம் ஓய்வு எடுப்பார்கள். இதில் அப்படியே தலைகீழ்: பல நிமிடம் விடாமல் பயிற்சி, சில விநாடிகள் மட்டும் ஓய்வு.

இதெல்லாம் பலன் தருமா?

விடாமல் செய்தால் தரும். ஆனால் பி90எக்ஸ் விளம்பரத்தில் சொன்ன ‘தசைக் குழப்பம்’ என்பது அறிவியல் சொல் அல்ல, விற்பனைச் சொல். பயிற்சியை மாற்றி மாற்றிச் செய்வதால் சலிப்பு வராது என்பது சரிதான். ஆனால் தசை வலுவாவதற்கு முக்கியக் காரணம், அது தாங்கும் சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதுதான்.

இன்னொன்று. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பி90எக்ஸ் கேட்பதோ வாரத்துக்கு ஆறு மணி நேரம். புதிதாகத் தொடங்குபவர் பாதியில் விட்டுவிட்டால் அதில் ஆச்சரியமில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

டிவிடியை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். மாதாமாதம் காசு வர வேண்டுமென்றால் வேறு வழி வேண்டும். அங்கேதான் கதை மாறுகிறது.

2007-ல் ‘கோச்’ முறை அறிமுகமானது. பெயர்தான் கோச், இதில் சேர உடற்பயிற்சிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. கட்டணம் கட்டிச் சேர வேண்டும். விற்றால் கமிஷன், நமக்குக் கீழே சேர்ந்தவர்கள் விற்றாலும் பங்கு. ஆம், மல்டி லெவல் மார்க்கெட்டிங்தான்.

2009-ல் ‘ஷேக்காலஜி’ என்ற சத்துமாவு பானம் வந்தது. ஒரு மாதத்துக்கான பாக்கெட் சுமார் 130 டாலர். அதாவது, பி90எக்ஸ் முழு செட்டை விட ஒரு மாத மாவின் விலை அதிகம்! 2015-ல் டிவிடிகளுக்குப் பதில் சந்தா கட்டிப் பார்க்கும் ஆன்லைன் சேவையும் தொடங்கியது.

வழக்கு எதற்கு?

வாடிக்கையாளரிடம் தெளிவான சம்மதம் வாங்காமல், சந்தாவைத் தானாகவே புதுப்பித்து கார்டில் பணம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சான்டா மோனிகா நகர அரசு வழக்கறிஞர் தொடர்ந்த இந்த வழக்கை முடித்துக்கொள்ள, 2017-ல் 36 லட்சம் டாலர் தர பீச்பாடி ஒப்புக்கொண்டது. தானியங்கிப் புதுப்பிப்புக்குத் தனியாக ‘டிக்’ வாங்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

கொரோனாவில் ஏற்றம், பிறகு?

2020-ல் ஜிம்கள் மூடியதும் வீட்டுப் பயிற்சிக்கு ஏகப்பட்ட கிராக்கி. அந்தச் சூட்டோடு 2021 ஜூனில் நியூயார்க் பங்குச்சந்தையில் நுழைந்தது நிறுவனம். ஆனால் ஜிம்கள் மறுபடி திறந்தன. யூடியூபிலோ இலவசப் பயிற்சிகள் கொட்டிக் கிடந்தன.

2023-ல் பெயரை ‘பாடி’ என்று மாற்றிப் பார்த்தார்கள். பங்கு விலை ஒரு டாலருக்கும் கீழே போனதால், அதே ஆண்டு நவம்பரில் 50 பங்குகளைச் சேர்த்து ஒரே பங்காக மாற்றினார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று பெரிய அறிவிப்பு வந்தது: மல்டி லெவல் முறைக்கு முற்றுப்புள்ளி, ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நீக்கம். இனி தான் விற்றதற்கு மட்டுமே கமிஷன். தனக்குக் கீழே பல ஆண்டுகளாக ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அந்த வருமானம் நின்றுபோனது.

பணம் கட்டும் முன் என்ன பார்க்கணும்?

எந்த ஃபிட்னஸ் ஆப்பாக இருந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள்:

• சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா? எப்படி ரத்து செய்வது?
• பயிற்சியோடு பவுடர், மாத்திரையும் வாங்கச் சொல்கிறார்களா?
• ‘கோச்’ முறையாகப் பயிற்சி பெற்றவரா, அல்லது விற்பனையாளரா?
• மூட்டு வலி, இதய நோய், நெடுநாள் உடற்பயிற்சியே இல்லாத நிலை இருந்தால், டாக்டரிடம் கேட்டாச்சா?

பி90எக்ஸ் செய்து உடம்பைத் தேற்றியவர்கள் நிறைய பேர். அவர்களுக்குப் பலன் தந்தது 90 நாள் சிந்திய வியர்வை. அதற்கு மாதச் சந்தா கிடையாது.