லீக்டன்ஸ்டைன் நாடாளுமன்றத் தேர்தல்கள்

லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே ரைன் ஆற்றங்கரையில் அமைந்த இளவரசு நாடு. இதன் ஓரவை நாடாளுமன்றம் லாண்ட்டாக் எனப்படும். இன்று அதில் 25 உறுப்பினர்கள் உள்ளனர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறுகிறது.

1862 அரசியலமைப்பின்படி அமைந்த லாண்ட்டாக்கின் 15 இடங்களில் மூன்றை இளவரசர் நியமித்தார். மற்ற 12 பேரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர்தோறும் தேர்வான வாக்காளர் பிரதிநிதிகளே தேர்ந்தெடுத்தனர். ஆண்களுக்கு நேரடி வாக்கு 1918இல் கிடைத்தது. நாட்டின் முதல் இரு கட்சிகளும் அதே ஆண்டில் பிறந்தன: கிறித்தவ சமூக மக்கள் கட்சி, முற்போக்குக் குடிமக்கள் கட்சி. 1921 அரசியலமைப்பு நியமன இடங்களை ஒழித்தது. 1928இல் சேமிப்பு வங்கி மோசடி அம்பலமானதும் மக்கள் கட்சியின் ஆட்சி வீழ்ந்தது. குடிமக்கள் கட்சி அதிகாரத்துக்கு வந்தது. 1936இல் மக்கள் கட்சி மற்றோர் அமைப்புடன் இணைந்து தாய்நாட்டு ஒன்றியம் ஆயிற்று. குடிமக்கள் கட்சி, ஒன்றியம் ஆகிய இவ்விரண்டில் ஒன்று கறுப்பு, மற்றொன்று சிவப்பு என்று மக்கள் பேச்சில் நிலைத்துவிட்டன. ஒரு குடும்பம் எந்த நிறம் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்.

இந்நாட்டின் தேர்தல்களில் தனித்து நிற்பது 1939. ஆஸ்திரியாவை இட்லரின் ஜெர்மனி விழுங்கியிருந்தது. நாஜி ஆதரவாளர்கள் உள்நாட்டிலும் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றனர். இரு கட்சிகளும் கூட்டணி அமைத்து, 8க்கு 7 என இடங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன, வாக்குப்பதிவே நடக்கவில்லை. மக்களின் வாக்குரிமையை ஒதுக்கிவைத்த ஏற்பாடு இது. ஆயினும் நாஜிகளுக்கு அவையில் ஓரிடமும் கிடைக்காமல் காத்ததும் இதுவே. மக்கள் மீண்டும் வாக்களித்தது 1945இல்தான். இரு கட்சிகளின் அந்தக் கூட்டணி 1997 வரை நீடித்தது.

அதே 1939இல் விகிதாசார முறையும், 18 விழுக்காட்டுத் தடுப்பு வரம்பும் வந்தன. 1962இல் கிறித்தவ சமூகக் கட்சி என்னும் வேறொரு கட்சி சுமார் 10 விழுக்காடு வாக்குகள் பெற்றும் இடமின்றி நின்றது. அவ்வாண்டே அரசு நீதிமன்றம் அந்த வரம்பை நீக்கியது. 1973இல் வந்த 8 விழுக்காட்டு வரம்பு இன்றும் உள்ளது.

தொகுதிகள் இரண்டே. பழைய வாடூஸ் கோட்டமான மேல்நாட்டுக்கு 15 இடங்கள். ஷெல்லன்பெர்க் பகுதியான கீழ்நாட்டுக்கு 10. கீழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், 1719இல் இரு நிலங்கள் சேர்ந்தே நாடு உருவானது என்னும் நினைவு இந்தக் கூடுதல் பங்கில் வாழ்கிறது. தொகுதிக்கு எத்தனை இடங்களோ, வாக்காளருக்கு அத்தனை வாக்குகள். ஒரு கட்சியின் சீட்டை எடுத்துச் சில பெயர்களை அடித்துவிட்டு, மாற்றுக் கட்சியினர் பெயரை எழுதலாம். இரு தொகுதி முறையால், 1978இல் குடிமக்கள் கட்சி அதிக வாக்குகள் பெற்றும், அன்றைய 15 இடங்களில் 8ஐ வென்றது ஒன்றியமே.

பெண்களுக்கு வாக்குரிமை 1984 வரை இல்லை, ஐரோப்பாவிலேயே கடைசி. 1971, 1973 வாக்கெடுப்புகளில் ஆண்கள் அதை மறுத்தனர். மூன்றாம் முறை 2,370 பேர் ஆதரிக்க, 2,251 பேர் எதிர்த்தனர். அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய உரிமை, 119 வாக்கு வித்தியாசத்தில் கைகூடியது. 1986 தேர்தலில் எம்மா ஐகன்மான் முதல் பெண் உறுப்பினரானார். உறுப்பினர் எண்ணிக்கை 1989 தேர்தலிலிருந்து 25 ஆயிற்று.

1993இல் இரு தேர்தல்கள் நடந்தன. பிப்ரவரியில் சுதந்திரப் பட்டியல் என்னும் மூன்றாம் கட்சி முதன்முறை அவைக்குள் நுழைந்தது. பிரதமர் மார்க்குஸ் பூஹெல் அவையின் நம்பிக்கையை இழந்ததால் அக்டோபரில் மறுதேர்தல் வந்து, ஒன்றியம் வென்றது.

2021இல் இரு பெருங்கட்சிகளும் தலா 10 இடங்கள் பெற்றன. வித்தியாசம் 42 வாக்குகள். ஒரே சீட்டில் 10 அல்லது 15 வாக்குகள் இருப்பதால், மூன்று நான்கு சீட்டுகளே முதலிடத்தைத் தீர்மானித்தன என்று பொருள். 2025 பிப்ரவரியில் ஒன்றியம் 10, குடிமக்கள் கட்சி 7, 'லீக்டன்ஸ்டைனுக்கான சனநாயகர்கள்' 6, சுதந்திரப் பட்டியல் 2 இடங்கள் பெற்றன. ஒன்றியத்தின் பிரிகிட்டே ஹாஸ் ஏப்ரலில் நாட்டின் முதல் பெண் பிரதமராகப் பொறுப்பேற்றார்.